பெட்டி பாடிய பிறகும்

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல எங்கள் டீச்சர் எழுதுகிறார். சொன்னதை அப்படியே எழுத வேண்டும், மெருகு போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அங்கன்வாடி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, இது உங்களுக்கு.

நான் மீன்சுருட்டியில் பிறந்து, சிறுவாச்சூருக்குத் தெற்கே இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அரசாங்கம் என்னை உதவியாளர் என்றது. ஊருக்கு நான் ஆயா. என் கையால் சோறு தின்னாத இளவட்டம் இங்கே கிடையாது. என்னை உரசிக்கொண்டு பைக்கில் பறக்கிறவனையும், "டேய், மூக்க ஒழுகவிட்டுக்கிட்டு நின்னவன்தானே நீ" என்று கேட்டு நிறுத்துவேன். நிறுத்துவான்.

உங்கள் மையத்துக்கும் ஒரு பாட்டுப் பெட்டி வரப்போகிறது. பெட்டியோடு இரண்டு கண்டிப்பும் வரும். பிள்ளையின் மூடிய கையைவிடச் சிறிய பொருள் எதுவும் பெட்டி அருகில் இருக்கக் கூடாது. பிள்ளை வாசலில் நுழையும்போதே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "என்னங்க ஆயா, ஏர்போர்ட்டா நடத்துறீங்க?" என்று உங்களில் ஒருத்தி பயிற்சியில் கேட்டாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பதில் நீளம் என்பதால் அன்றைக்குச் சொல்லவில்லை.

முதலில் பெட்டி எப்படி வந்தது என்று சொல்கிறேன். சரவணன் எங்கள் ஊரில் மைக்செட் வைத்திருப்பவன். காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவன் குழாய்தான் கத்தும். அவனுடைய அக்கா சத்யா. சத்யாவின் மகன் மித்ரன் எங்கள் மையத்துக்கு வந்தான். மூன்று வயதுப் பிள்ளை. வீட்டில் செல்போன் காட்டாமல் வாய் திறக்க மாட்டான். இங்கே வந்தால் டீச்சர் போனைச் சுற்றி அவனைப் போல ஒரு கூட்டம். டீச்சருக்கோ அந்தப் போனில்தான் தினமும் பிள்ளைகளைப் படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். பிள்ளைகள் இழுக்க, இவர் இழுக்க, ஒரு நாள் போன் சாம்பாரில் விழுந்தது.

சரவணன் இதைப் பார்த்துவிட்டு ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியை எடுத்து உள்ளே என்னென்னவோ வைத்துப் பூட்டிக் கொண்டுவந்தான். திரை இல்லை, பித்தான் இல்லை. மேலே ஒரு பலகை மட்டும். பலகையின் மேல் மர மாட்டை வைத்தால் மாட்டுப் பாட்டு வரும். பிளாஸ்டிக் பஸ்ஸை வைத்தால் டீச்சர் சொன்ன பஸ் கதை வரும். கொட்டாங்குச்சியை வைத்தால் நரி பெரம்பலூர்ச் சந்தைக்கு வெங்காயம் விற்கப் போன கதை வரும். அது என் கதை, என் குரல். அது ஓடும்போது அடுப்பு வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பேன். நின்றால் என்ன?

ஒவ்வொரு பொருளின் அடியிலும் காசு அளவில் கறுப்பாக ஒரு வட்டம் ஒட்டியிருக்கும். சரவணன் அதைச் சிப்பு என்பான். எந்தச் சிப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துப் பெட்டி அதற்குரிய பாட்டைப் பாடும். பொருள்களை முட்டை அட்டையில் வைத்திருந்தோம். குழிக்கு ஒரு பொருள். வாய் திறந்து கேட்கத் தெரியாத பிள்ளைகூட குழியிலிருந்து தனக்கு வேண்டியதைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடும். அதுதான் அந்தப் பெட்டியின் பெருமை. பஸ்ஸுக்காக ஒருவன் கையை ஒருத்தி கடித்ததும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் நானே எவர்சில்வர் டம்ளர் ஒன்றின் அடியில் சிப்பை ஒட்டி வைத்தேன். பிள்ளைகளுக்குப் பழகிய பொருளாயிற்றே என்று. பெட்டி ஊமையாக நின்றது. "உன் பெட்டி செத்துப்போச்சுடா" என்று சரவணனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவன் சிப்பை உரித்து மர மாட்டில் ஒட்டிக் காட்டினான். பாடியது. "எவர்சில்வரு மறைச்சுக்கும் ஆயா. சிப்பு நல்லாத்தான் இருக்கு" என்றான்.

பெட்டி வந்த பிறகு பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை பிடித்துக்கொண்டது. உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்குள்ளும் ஒரு பாட்டு இருக்கிறது என்று. வீட்டிலிருந்து சீப்பு வரும், கடலைக்காய் வரும், காட்டில் பொறுக்கிய, நத்தை மாதிரிச் சுருண்ட கல் வரும், அப்பாவின் பைக் சாவி வரும். ஒவ்வொன்றையும் பலகையில் வைத்துக் காதைக் கொடுப்பார்கள். பாடவில்லை என்றால் நாம்தான் ஏதோ செய்துவிட்டோம் என்பது போல நம்மைப் பார்ப்பார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. சரவணன் புதிய சிப்புகள் கொண்டுவந்தான். பாட்டெல்லாம் ஏற்றியாகிவிட்டது, பொம்மைகளில் ஒட்டுவதுதான் பாக்கி. அவற்றை முட்டை அட்டைக் குழிகளில் வைத்துவிட்டு, போன் வந்ததென்று வெளியே போனான். திரும்பி வந்தபோது ஒரு குழி காலி.

"டீச்சர், யானைப் பாட்டுச் சிப்பு இங்கதான வெச்சேன். எங்க?"

பாயைத் தூக்கினோம். துடைப்பத்தை உதறினோம். அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார்த்தோம். அப்போதுதான் டீச்சரின் கண் சுவரோரம் போனது. மித்ரன் தனியாக உட்கார்ந்திருந்தான். வாயோரம் எச்சில் ஒழுகி, சட்டையின் முன்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. கை கழுத்தடியில் இருந்தது.

"ஐயோ, முழுங்கிட்டான்!" என்றார் டீச்சர்.

சத்யா பக்கத்துக் கொல்லையில் வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மண் கையோடு ஓடி வந்தாள். அவளோடு களை எடுத்தவர்களும் வந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வைத்தியம் தெரிந்திருந்தது.

"வாழப்பழம் குடுங்கடி, வழுக்கிக்கிட்டு எறங்கிரும்."

"வெளக்கெண்ண ஊத்து."

"தலகீழாத் தூக்கித் தட்டுனா விழுந்துரும்."

சரவணன் எல்லாரையும் கையமர்த்தினான். "இருங்க, இருங்க. எதுக்குப் பதறணும்? அதான் பெட்டி இருக்குல்ல."

மருமகனின் சட்டையைத் தூக்கிவிட்டு அவனைப் பெட்டியின் மேல் குப்புறப் படுக்க வைத்தான். வயிற்றுக்குள் சிப்பு இருந்தால் பெட்டி பாட வேண்டும். அது அவன் கணக்கு. வயிற்றை வைத்தான். மார்பை வைத்தான். கழுத்தடியை வைத்தான். பிள்ளை முனகினான்.

"கொஞ்சம் சவுண்டக் கூட்டி வைய்யேன்டா" என்றார் வாசலில் நின்ற பெரியவர் ஒருவர். களை எடுத்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பெட்டி பாடவில்லை. "பாத்தியாக்கா, உள்ள இல்ல" என்று சரவணன் நிமிர்ந்தான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "டம்ளர்ல ஒட்டுனப்பவும் பாடலையேடா. பாடலேன்னா இல்லேன்னு அர்த்தமா?"

"அது எவர்சில்வரு ஆயா. இது ஒடம்பு."

"ஒடம்புக்குள்ள வெச்சுப் பாத்திருக்கியா?"

சத்யா என் முகத்தையும் தம்பி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்ல, பழம் கொடுத்துப் பார்க்கலாம் என்று வேறொருத்தி சொல்ல, பேச்சு பெரிதாகிக்கொண்டிருந்தபோது பெட்டி பாட ஆரம்பித்தது.

யானைப் பாட்டு.

எல்லாரும் திரும்பினோம். தர்ஷினி என்று ஒரு பெண்குழந்தை. அவ்வளவு நேரமும் மூடிய கைக்குள் சிப்பை வைத்துக்கொண்டு எங்கள் காலடியில்தான் நின்றிருக்கிறாள். மித்ரனைத் தூக்கியதும் பெட்டி காலியானது. தன் முறை வந்துவிட்டதென்று கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டீச்சர் தர்ஷினியைக் கட்டிக்கொண்டு அழுதார். சத்யா மகன் முதுகில் ஒரு அடி வைத்து அதே கையால் தடவிக் கொடுத்தாள். "ஆயா, தீர்ப்பு வந்துருச்சு, கோர்ட்டு கலைஞ்சுது" என்றான் சரவணன். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. சத்யா கொல்லைக்குத் திரும்பினாள்.

நான் அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். சோறு போடும் நேரம். எனக்குக் கரண்டி ஓடவில்லை. மித்ரனுக்கு முட்டையை உரித்து நீட்டினேன். அடுத்தவன் தட்டு முட்டையையும் பிடுங்கித் தின்கிறவன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தேன். வாயோரமாக அப்படியே வெளியே வந்தது. சட்டை மாற்றிவிட்டேன். மாற்றிய சட்டையும் நனைந்துகொண்டிருந்தது.

டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பல்லு மொளைக்கும் ஆயா, இல்ல சளி. முடிஞ்ச விஷயத்த ஏன் மறுபடியும் கெளப்புறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போனா எப்புடி, எதுன்னு கேப்பாங்க. பெட்டி வெச்சிருக்கிறது மேல தெரியாது. என் வேலைக்கே வந்துரும்" என்றார்.

இதைச் சொன்னதும் டீச்சர் இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதுவும் வேண்டுமா என்று கேட்கிறார். எழுதுங்கள் என்றேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அனுமதி இல்லாத பெட்டிதான். கணவர் இல்லாத வீட்டில் அவர் சம்பளம்தான் சோறு. பயப்படாதவள் யார்? நாளைக்கு உங்களுக்கும் இப்படித்தான் பயம் வரும். பயம் வரும்போது என்ன தோன்றும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். சளி என்று தோன்றும். பல் என்று தோன்றும்.

எனக்கு அப்போது ஒன்றுதான் உறைத்தது. தொலைந்த சிப்பு கிடைத்துவிட்டது. சரி. பிள்ளைக்கு என்ன? காலையிலிருந்து நாங்கள் எல்லாரும் முட்டை அட்டையின் காலிக் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குழி நிறைந்ததும் கலைந்துவிட்டோம். பிள்ளை காலையில் எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறான்.

இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சரவணன் தன் குட்டியானை லோடு வண்டியில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"வண்டிய எடுடா."

"எதுக்குங்க ஆயா? அதான் கெடச்சிருச்சே."

"புள்ள எச்சி முழுங்கல. வண்டிய எடு."

"மாமன் நான் சொல்றேன், ஒண்ணுமில்ல..."

"நீ மாமன். சோறு ஊட்டுறவ நான். எடுடா."

என்னைப் பார்த்தான். பிள்ளையின் சட்டையைப் பார்த்தான். வண்டியை எடுத்தான். கொல்லை ஓரத்தில் நிறுத்திச் சத்யாவை ஏற்றினோம். அவள் ஏறியதும் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் ஆயா, ஒரு நாளைக்கு எத்தன தடவ என் உசுர எடுப்பீங்க? ஒண்ணும் இல்லேன்னு ஆச்சுல்ல?"

"ஒண்ணும் இல்லேன்னா திரும்பி வந்து என்னத் திட்டு. நல்லாத் திட்டு. இப்ப புள்ளைய நிமித்திப் புடி."

சிறுவாச்சூரில் காளி கோவில் நடை திறக்கும் நாள். கோவில் ரோட்டுக்குத் திரும்பும் கார்களும் வேன்களுமாக முன்னால் நகர இடமில்லை. சரவணன் ஹாரனை அழுத்திப் பார்த்தான். யாரும் திரும்பவில்லை. எனக்கு இறங்கிப் பிள்ளையோடு நடந்துவிடலாமா என்று கால் துடித்தது. அப்போது அவன் மைக்கை எடுத்தான். வண்டிக்குப் பின்னால் குழாய்கள் கட்டியபடியே இருந்தன. வழக்கமாக அன்னதானத்துக்கு வாருங்கள் என்று ராகம் போட்டு அழைக்கிற குரல்.

"அண்ணே, வழி விடுங்கண்ணே. எங்கக்கா புள்ளைக்கு முடியலண்ணே. வழி விடுங்க."

ராகம் இல்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒதுங்கியது. யாரோ ஓர் அம்மாள் ஜன்னல் வழியே கையை விட்டுப் பிள்ளை நெற்றியில் குங்குமம் வைத்தாள். இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சத்யா வாங்கி மகன் வாயில் வைக்கப் போனாள். நான் உள்ளங்கையால் மறித்தேன்.

"தண்ணிகூடக் குடுக்கக் கூடாதா?"

"எறங்கலையே புள்ள. எறங்காததத் திணிக்காத."

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். "என்ன முழுங்குனான்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் முழுங்கலைங்க" என்றாள் சத்யா.

"ஒரு சிப்பு காணாமப் போச்சுங்க. ஆனா கெடச்சிருச்சுங்க" என்றான் சரவணன்.

"என்ன முழுங்குனான்னு தெரியாதுங்கம்மா. எச்சி உள்ள போகல. முட்டைய வேணாங்குறான்" என்றேன் நான்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சைப் படம் எடுக்க அனுப்பினார். படம் வந்தது. கழுத்துக்குச் சற்றுக் கீழே, வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

"காசுங்க. காசுதான்" என்றான் சரவணன்.

"காசுன்னா ஒரு வட்டந்தான் தெரியும். இங்க பாருங்க, ஓரத்துல வட்டத்துக்குள்ள இன்னொரு வட்டம். இது பட்டன் பேட்டரி" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா போனைக் கையில் எடுத்துவிட்டார். அதுவரை நிதானமாக இருந்தவர் அதற்குப் பிறகு நடக்கவில்லை, ஓடினார். "தொண்டக் குழாய்ல நிக்குது. அங்க நின்னா சதையச் சுட்டுக்கிட்டே இருக்கும். இப்பவே திருச்சிக்குப் போகணும். வூட்ல எதுல இருந்துச்சு இது?"

சத்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கார்த்திகைக்கு எண்ணெய் இல்லாமல் எரியும் குட்டி விளக்குகள் வாங்கியிருந்தாள். அதில் ஒன்று உடைந்து கிடந்திருக்கிறது. காலையில் மித்ரன் அதிலிருந்து வெள்ளியாக மின்னிய வட்டம் ஒன்றைக் கையில் வைத்திருந்தானாம்.

"'பெட்டில வெக்கப் போறேம்மா'ன்னான். அங்க எல்லாப் புள்ளைங்களும் எதையாவது கொண்டாந்து வெக்குதுங்கதானே, சரி வெய்யின்னு நாந்தான் அனுப்பி வெச்சேன் ஆயா."

கறுப்பு வட்டம் பாடும் என்றால் வெள்ளி வட்டம் பாடாதா? கொண்டுவந்து வைத்துப் பார்த்திருப்பான். பாடவில்லை. பாடாத பொருளை மூன்று வயதுப் பிள்ளை வேறு எங்கே வைத்துப் பார்க்கும்? யாரும் பார்க்கவில்லை. இதெல்லாம் நாங்கள் பிறகு கூட்டிப் பார்த்ததுதான்.

ஆம்புலன்ஸ் திருச்சிக்குப் பறந்தது. அங்கே பிள்ளையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் அந்த வராந்தாவில் நடந்தேன். முட்டி வலித்தும் உட்கார முடியவில்லை. சரவணன் சுவரில் சாய்ந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

"ஆயா, ஊருக்குப் போனதும் அந்தப் பெட்டிய ஒடச்சுப் போட்டுர்றேன்."

"ஒடைக்கிறத அப்பறம் பேசிக்கலாம். பெட்டி என்னடா பண்ணுச்சு? சிப்பு இவன் வயித்துல இல்லேன்னுச்சு. இல்லதான். நாம கேட்டது அவ்வளவுதான். அதுக்குமேல கேக்க வேண்டியது புள்ளைகிட்ட."

கதவு திறந்தது. எடுத்தாகிவிட்டது என்றார்கள். குழாயில் சுட்ட புண் இருக்கிறது, ஓட்டை விழவில்லை, இன்னும் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். புண் ஆறும் வரை வாய் வழியாக ஒன்றும் கிடையாது. மூக்கில் குழாய் செருகி அதன் வழியாகத்தான் ஆகாரம். விழுங்குவது பழையபடி வருமா என்று சத்யா கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். அந்த 'பார்க்கலாம்' எங்களைத் தூங்கவிடவில்லை. அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டும் அவன் அப்பா வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் டீச்சர் பஸ் ஏறி வந்தார். "சூப்பர்வைசர் அம்மாகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன் ஆயா. பெட்டியையும் சொல்லிட்டேன். விசாரிக்கிற வரைக்கும் பூட்டி வெக்கச் சொல்லிட்டாங்க" என்றார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். இதையும் எழுதுங்கள் டீச்சர். விசாரணை முடிந்து, அந்த இரண்டு கண்டிப்போடுதான் பெட்டிக்கு மேலே அனுமதி கொடுத்தார்கள்.

மூக்குக் குழாயை எடுத்த நாளன்று, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். சத்யா ஸ்பூனை என்னிடம் தந்தாள். அவன் வாய் திறந்தான். ஊற்றினேன். அவன் அப்பா, அம்மா, மாமன், நர்ஸ், நான் எல்லாரும் ஒரு பிள்ளையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. வாயோரம் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. இன்னொரு ஸ்பூன் ஊற்றினேன். அதுவும் இறங்கியது.

"அடுத்து பாலா, எளநியா? அவனையே கேளுங்க" என்று நர்ஸ் சிரித்தார். சத்யா ஒரு கையில் பால் டம்ளரும் மறு கையில் இளநீருமாக அவன் முன்னால் நீட்டினாள். அவன் பாலைப் பார்த்தான். இளநீரைப் பார்த்தான். அவசரமே இல்லாமல் தலையைத் திருப்பி, பக்கத்துக் கட்டில் பையன் தின்றுகொண்டிருந்த முறுக்கை நோக்கிக் கையை நீட்டினான்.

"டேய், அது மட்டும் கெடையாது!" என்று நர்ஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவன் வாயைத் திறந்து வார்டே அதிரக் கத்தினான். எங்களில் ஒருவரும் அவனை அமர்த்தவில்லை.